கேவலாதேவ் காட்டில் மிதிவண்டிச் செலவு

‘செலவு’ என்னும் சொல்லைப் பழந்தமிழர் பயணம் என்னும் பொருளில் வழங்கினர். பொருளைப் போக்குதல் என்பது இக்காலத்தில் அதற்கு மேலோங்கி நிற்கும் பொருளாகும். முன்னது மிகுந்தும் பின்னது குறைந்தும் அமைவது மிதிவண்டிச் செலவு. ஆயினும், காப்புக்காடு ஒன்றன் ஊடே செல்ல விரும்புவோர், ‘எளிய வழிதானே’ என்று எண்ணி, முன்னேற்பாடு இன்றிப் புறப்படுதல் தகாது. ஏற்றமும் இறக்கமும் நெடுந்தொலைவும் இல்லாத வழி, செல்வோரின் கால்களுக்கு எளிது. அக்காட்டில் வாழும் உயிர்களுக்கும் அவர்தம் வரவு எளிதாக இருத்தல் வேண்டுமன்றோ? திட்டம் வேண்டுவது இவ்விரண்டாவதற்கே.

இத்தகைய செலவிற்கு ஏற்ற இடங்களுள் ஒன்று, இராஜஸ்தான் மாநிலத்தில் பரத்பூர் நகரை அடுத்துள்ள கேவலாதேவ் தேசியப் பூங்கா. அஃது ஆக்ராவிற்கு மேற்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது; ஏறக்குறைய 29 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. காட்டின் நடுவே கோயில் கொண்டுள்ள சிவபெருமானின் பெயரே காட்டிற்கும் பெயராயிற்று. 350-க்கும் மேற்பட்ட பறவையினங்கள் அங்குக் காணப்பட்டுள்ளன. வாயிலுக்கு அப்பால் ஓர் எல்லைவரையே பயணிகளின் மோட்டார் வண்டிகள் செல்லலாம். அதன்பின் நடந்தேனும், ரிக்‌ஷாவில் அமர்ந்தேனும், மிதிவண்டி ஏறியேனும் செல்லுதல் வேண்டும். மிதிவண்டிகள் வாயிலிலேயே வாடகைக்குக் கிடைக்கின்றன.

அந்நிலம் இயற்கையிலேயே தாழ்ந்து, தட்டம்போல் அமைந்தது. 18ஆம் நூற்றாண்டில் பரத்பூரை ஆண்ட சூரஜ்மல் மன்னர், அருகே ஓடும் ஆற்றுநீரைத் தேக்குவதற்கு அஜான் அணையைக் கட்டுவித்தார். பிற்காலத்தில் உள்ளே பல கரைகள் எழுப்பப்பட்டன, மதகுகளும் வைக்கப்பட்டன. இவ்வாறு நிலம் முழுதும் பாத்தி பாத்தியாகப் பிரிந்து நீர் நின்றது. ஏரிக்கரைமேல் நடந்து பழகிய நம் நாட்டுச் சிற்றூரார்க்கு இவ்வமைப்பு புதிதன்று. மனிதர் கைபட்ட இவ்விடத்தை இயற்கை தன்னதாக ஏற்றுக்கொண்டதே வியப்பு. நடுவே செல்லும் பெருவழி செப்பமானது. அதனினின்று கிளைத்துக் கரைகளின்மேல் செல்லும் மண் தடங்களிலேதான் மிதிவண்டியின் அருமை விளங்கும்.

புறப்படுங் காலத்தைத் தெரிந்துகொள்ளுதல் முதற்கடன். மழைக்காலம் தொடங்கியபின், நீரில் நிற்கும் கருவேல மரங்களில் நாரைகளும் கொக்குகளும் நீர்க்காகங்களும் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும். கிளைதோறும் கூடும், கூடுதோறும் கூச்சலுமாக அக்காடு விளங்கும். நவம்பர் முதல் பிப்ரவரி வரையில் வடபுலத்திலிருந்து வாத்தினங்கள் வந்து தங்கும். இமயத்தின் மேலாகப் பறந்துவரும் வரித்தலை வாத்தும் அவற்றுள் ஒன்று. வழி உலர்ந்து கிடப்பதும் அப்போதே. ஆதலின் மிதிவண்டியிற் செல்வார்க்குப் பனிக்காலமே ஏற்றது. ஆனால் டிசம்பர், ஜனவரித் திங்கள்களில் காலை மூடுபனி சில நாள்களில் கண்ணை மறைக்கும். அந்நாள்களில் விடியற்பொழுதிலேயே விரைந்து பயனில்லை.

வண்டியைத் தேர்ந்தெடுப்பதில் சோம்பல் கூடாது. வாயிலில் வரிசையாக நிற்கும் வண்டிகளுள் முதலில் கைக்கு எட்டியதைப் பற்றிக்கொள்வோர் பிறகு வருந்துவர். இரு பிரேக்குகளும் பற்றுகின்றனவா, சங்கிலி ஓசையின்றி ஓடுகின்றதா என்று பார்த்தல் வேண்டும். கிறீச்சிடும் வண்டி ஒன்று போதும், காடு முழுவதற்கும் பறை அறைவதற்கு! சரளையிலும் தளர்ந்த மண்ணிலும் செல்லச் சற்று அகன்ற டயர் நன்று. காற்று மிக இறுகியிருப்பின் வண்டி கல்தோறும் துள்ளும். சிறிது குறைப்பின் டயர் நிலத்தை அணைத்துச் செல்லும். மிகக் குறைப்பினோ, கூரிய கல்லுக்கும் சக்கர விளிம்பிற்கும் இடையே ட்யூப் நசுங்கிக் கிழியும். தளர்ந்த சரளையில் முன் பிரேக்கைத் திடீரென அழுத்துவோர் வழுக்கி விழுவர். திரும்புவதற்கு முன்னரே வேகத்தைத் தணித்து, வளைவில் மெல்லச் செல்லுதலே முறை. கருவேல முள்ளும் வெளிநாட்டிலிருந்து வந்து பரவிய சீமைக்கருவேல முள்ளும் வழியில் கிடக்கும் ஆதலின், சிறு பம்பும் பஞ்சர் ஒட்டும் பொருள்களும் உடன் இருத்தல் நலம். குடிநீரையும் மறத்தலாகாது.

இனி, காட்டினுள் நடந்துகொள்ளும் முறை. இருவர் மூவராய்ச் செல்வோர் ஒருவர்பின் ஒருவராய்ச் செல்வர், மணி அடியார், தடத்தை விட்டு நீர்விளிம்பிற்கு இறங்கார். ஓரளவு விரைவில் ஒரே சீராகச் செல்லும் வண்டியைப் பறவைகள் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. சட்டென நின்று, கையை நீட்டிக் கூவுவோரைக் கண்டே அவை அஞ்சி எழுகின்றன. கூட்டில் இருக்கும் தாய்ப்பறவை அவ்வாறு எழுமாயின், வெயிலில் வாடும் குஞ்சுக்கும், காகம் கவரும் முட்டைக்கும் காவல் ஏது? பனிக்காலத்தில் மலைப்பாம்புகள் வளையினின்று வெளிப்பட்டு வெயில் காய்வதும் உண்டு. அவற்றைத் தொலைவில் நின்றே காணுதல் வேண்டும்.

கோயிலின் அருகே வேட்டைக் கணக்கைப் பொறித்த கல்வெட்டுகள் உள்ளன. வண்டியை நிறுத்தி அவற்றைப் படிக்கச் சிறிது நேரம் ஒதுக்குதல் வேண்டும். அக்காடு ஒருகாலத்தில் மன்னர்களும் ஆங்கில அதிகாரிகளும் வாத்துகளைச் சுட்டு மகிழ்ந்த களமாகும். 1938 நவம்பர் 12ஆம் நாள், அரசப் பிரதிநிதியாகிய லின்லித்கோ பிரபுவின் வேட்டையில் வீழ்த்தப்பட்ட பறவைகள் 4,273. அப்பெருமை கல்லில் நின்றுவிட்டது! பறவையியல் அறிஞர் சாலிம் அலி முதலியோர் முயற்சியால் அவ்விடம் காக்கப்பட்டு, 1982இல் தேசியப் பூங்காவாகவும், 1985இல் உலக மரபுச் சின்னமாகவும் உயர்ந்தது.

ஆனால் பூங்காவின் வரலாறு அத்துடன் நேராகிவிடவில்லை. 1982இல் சுற்றியுள்ள ஊரார் எருமை மேய்த்தல் தடுக்கப்பட்டது. அதனால் எழுந்த கலவரத்தில் காவலர் துப்பாக்கியால் சுட, சிலர் மாண்டனர். எருமைகள் நீங்கியபின் நீர்ப்புல் தடையின்றி மண்டி, பறவைகள் நீந்தவும் இரை தேடவும் இடமின்றி நீர்நிலைகளை அடைத்தது. பகையென்று விலக்கப்பட்ட எருமையே அந்நீர்நிலையைத் துப்புரவு செய்துவந்தது என்பது, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் ஆண்டுக்கணக்கில் செய்த ஆய்வினால் விளங்கிற்று. பின்னர் ஊரார் புல் அறுத்துச் செல்ல இசைவு தரப்பட்டது. முன்னரே ஊராரைக் கலந்திருப்பின், அவ்வுயிர்கள் மடிந்திரா. இன்று ரிக்‌ஷா ஓட்டுவோர் பலர் பறவைகளை அடையாளங்காட்டவும் பயிற்சி பெற்றுள்ளனர். வண்டியை நிறுத்தி அவர்களிடம், “இன்று சாரசக் கொக்கு எந்தக் கரையில் மேய்கிறது?” என்று கேட்போர்க்குப் பாதி அலைச்சல் குறையும்.

அவர்களிடம் நீர்நிலவரத்தையும் கேட்டறிதல் வேண்டும். கம்பீர் ஆற்றின் மேற்பகுதியில் பாஞ்சனா அணை எழுந்தபின், மழை குறைந்த ஆண்டுகளில் பூங்காவிற்கு நீர் வருவது அரிதாயிற்று. உழவர்க்கும் நீர் வேண்டும், பறவைக்கும் வேண்டும். 2012 முதல் கோவர்த்தன் வடிகாலிலிருந்து நீர் கொணரும் ஏற்பாடும் செய்யப்பட்டது. நீர் உள்ள பாத்தியை அடுத்த கரையே அன்றைய வழியாதல் வேண்டும். வறண்ட பாத்தியைச் சுற்றி வருவது கால்களுக்கு உழைப்பேயன்றிக் கண்ணுக்கு விருந்தாகாது. சைபீரியாவிலிருந்து வந்துகொண்டிருந்த வெண்கொக்குகளை, 2002-க்குப்பின் எந்தக் கரையில் நின்றும் எவரும் கண்டிலர்.

பூங்காவின் வாயில் வடபால் உள்ளது. பெருவழி தெற்கு நோக்கிச் செல்கின்றது. ஆதலின் காலையில் உட்செல்வோர்க்கு ஞாயிறு இடப்புறம் நிற்க, வலப்புற நீர்நிலை ஒளிபெற்றுத் துலங்கும். மாலையில் வடக்கு நோக்கி மீள்வோர்க்கும் ஞாயிறு இடப்புறமே நிற்கும். காலையில் கண் கூசிய கீழ்ப்பால் நீர்நிலைகள் அப்போது வலப்புறமாய் விளங்கித் தோன்றும். கதிரவன் மறையுமுன் வாயிலை அடைந்து வண்டியைத் திருப்பித் தருதல் வேண்டும் ஆதலின், கோயிலடியினின்று புறப்படும்போதே திரும்பும் வழியில் எந்தெந்தக் கரையில் எவ்வளவு பொழுது நிற்கலாம் என்று வகுத்துக்கொள்வர் அறிந்தோர்.