வீட்டைக் கட்டிப் பார்!

“வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்” என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். புது வீடு கட்டுவதே இத்துணைக் கடினமானால், போரில் இடிந்த வீட்டை மீண்டும் எழுப்புவதைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ? நொந்துபோன நாடு பிறர் உதவியை நாடுவது இழிவன்று. அவ்வுதவி எவ்வாறு வந்து சேரவேண்டும் என்பதே நாம் சிந்திக்க வேண்டியது.

இரண்டாம் உலகப் போரினால் சிதைந்த மேற்கு ஐரோப்பாவுக்கு 1948 முதல் 1952 வரை அமெரிக்கா ஏறத்தாழ 1,300 கோடி டொலர் வழங்கியது. மாணவர்கள் படிக்கும் மார்ஷல் திட்டம் இதுவே. ஆசியாவிலோ, நாடுகள் ஒன்றுக்கொன்று உதவும் எண்ணம் நம் கொழும்பு மாநகரிலேதான் உருப்பெற்றது. 1950 ஜனவரியில் பொதுநலவாய நாடுகளின் வெளிநாட்டமைச்சர்கள் இங்கே கூடினர். அடுத்த ஆண்டு ‘கொழும்புத் திட்டம்’ செயற்படத் தொடங்கியது. அதே 1951 செப்டெம்பரில், சான் பிரான்சிஸ்கோ மாநாட்டில், அன்றைய நிதியமைச்சர் ஜே. ஆர். ஜயவர்தனா, தோல்வியுற்ற ஜப்பானிடம் இலங்கை நட்டஈடு கேளாது என்று அறிவித்தார். 1954இல் ஜப்பானும் கொழும்புத் திட்டத்தில் சேர்ந்து, கொடுக்கும் நாடுகளுள் ஒன்றாயிற்று.

பிறநாட்டானிடம் அத்துணைப் பரிவு காட்டிய இத்தீவிலேயே பின்னர் நம்மவர் வீடுகள் எரிந்தன. வடக்கிலிருந்து வெறுங்கையோடு வந்த உறவினர் சில காலமேனும் தங்கியிராத வீடு எங்கள் வெள்ளவத்தையில் அரிது.

2003 ஜூனில் உதவும் நாடுகள் தோக்கியோவில் கூடி, இலங்கைக்கு 450 கோடி டொலர் தருவதாக வாக்களித்தன. ஆனால் அவ்வாக்கு சமாதானப் பேச்சின் முன்னேற்றத்தோடு பிணைக்கப்பட்டிருந்தது. பேச்சு குலைந்தது, போர் மீண்டது, 2009 வரை இடிபாடுகளே பெருகின.

போர் முடிந்தபின், 2010இல், இந்தியா 50,000 வீடுகளைக் கொடையாக அறிவித்தது. அவற்றுள் 46,000 வடக்கு கிழக்குக்கு, 4,000 மலையகத்துக்கு. முதல் 1,000 வீடுகளை ஒப்பந்தக்காரர்கள் கட்டிக் கொடுத்தனர். 2012 முதல் வடக்கு கிழக்கில் முறை மாறியது. வீடொன்றுக்கு 550,000 ரூபாய், வேலை நடக்க நடக்கத் தவணை தவணையாக, உரியவரின் வங்கிக் கணக்குக்கே வந்தது. கட்டும் பொறுப்பு அவருடையது.

கிளிநொச்சிப் பக்கத்தில் என் சின்னம்மாவும் அவ்வாறே கட்டினார். மணலும் சீமெந்தும் விலை ஏறின; பணம் போதவில்லை; காப்பை அடகு வைத்தார். அந்தக் கடனை அடைக்கப் பல ஆண்டுகள் சென்றன. ஆயினும் வாசல் எந்தத் திசை நோக்குவது, அடுப்படி எங்கே அமைவது என்பவற்றை அவரே தீர்மானித்தார். நான் சென்றிருந்தபோது, “காசு அவையின்ரை, தம்பி, வீடு என்ரை” என்றார்.

இதற்கு மாறாக, 65,000 உருக்கு வீடுகளைப் பொருத்தித் தரும் திட்டமொன்று சில ஆண்டுகளின்பின் வந்தது. வீடொன்றின் விலை 20 இலட்சம் ரூபாய்க்கு மேல். வெப்பம் மிக்க நம் பகுதிக்கு ஒவ்வாது என எதிர்ப்பெழ, அது கைவிடப்பட்டது. குடியிருக்கப் போகிறவரை முன்னரே கேட்டிருந்தால் வீண் சிரமம் ஏது?

இன்னொன்றையும் மறக்கலாகாது. உதவி என்ற ஒரே பெயரில் கொடையும் வருகிறது, கடனும் வருகிறது. 1990இல் நின்றுபோன யாழ்தேவி 2014 அக்டோபரில் மீண்டும் யாழ்ப்பாணத்தை அடைந்தபோது நாம் கண்ணீர் மல்கினோம். அப்பாதை இந்தியக் கடனுதவியால் மீண்டும் அமைக்கப்பட்டது. கடனென்றால் வட்டியும் முதலும் உண்டு. 2022இல் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாது நம் நாடு கைவிரித்து நின்றதையும், எரிபொருளுக்கு நாம் வரிசையில் காத்திருந்ததையும் யார் மறப்பார்?

ஆகவே, மாணவ நண்பர்களே, வெளிநாட்டு உதவி பற்றிய செய்தியைப் பத்திரிகையில் காணும்போது தொகையை மட்டும் பார்த்து மகிழ வேண்டாம். அது கொடையா, கடனா? யார் கையில் சேருகிறது? திட்டத்தை வகுப்பவர் யார்? இவற்றையும் கேளுங்கள். உதவிய நாட்டுக்கு மனமார நன்றி சொல்வோம்; வாசல் எப்பக்கம் என்பதை மட்டும் அந்த வீட்டில் குடியிருக்கப் போகிறவர் சொல்லட்டும்.