துளையில்லாத புல்லாங்குழல்

நம்மூர்க் கச்சேரிக் குழல்ல ஊதுற துளை போக எட்டுத் துளை. ஜப்பான்காரங்களோட ஷாகுஹாச்சில முன்னாடி நாலு, பின்னாடி ஒண்ணு. எனக்குக் கிடைச்ச குழல்ல? ஒண்ணு கூட இல்லீங்க :-)

ப்ராஜெக்டுக்காக சைத்தாமா வந்து ரெண்டு வருஷமாச்சு. பக்கத்து சமுதாயக் கூடத்துல சனிக்கிழமை ஷாகுஹாச்சி வகுப்புன்னாங்க. நாலே மாசத்துல ராஜா பாட்டு வாசிச்சு ஊர்ல சீன் போடலாம்னு போய்ச் சேர்ந்தேன். எழுபது வயசு சென்சேய் ஒரு மூங்கிலைக் கையில குடுத்தார். உள்ளே கணுவெல்லாம் தட்டி எடுத்து, மேல் விளிம்பைச் சரிவா சீவியிருந்தது. அவ்ளோதான். துளை எங்கன்னு கேட்டேன். "முதல்ல சத்தம் வரட்டும்"னுட்டார்.

வரலை. மூணு வாரம் வெறும் காத்துதான். தலைசுத்தல் இலவசம்.

ஷாகுஹாச்சிங்கறதே நீளத்தோட பேர்தான். ஒரு ஷாகு எட்டு சுன், அதாவது சுமார் 54.5 செ.மீ. எல்லாத் துளையையும் மூடினா வர்ற அடி ஸ்வரம் 'ரோ'. ஒரு விரல் லேசா விலகினாலும் காத்து கசிஞ்சு ரோ படுத்துடும். தப்பு உதட்டுலயா விரல்லயான்னே புரியாது. துளையே இல்லேன்னா தப்பு உதட்டுல மட்டும்தான். பக் தேடும்போது ஒவ்வொரு மாட்யூலா கழட்டி வைப்போமே, அதே டெக்னிக்! நாலாவது வாரம் ரோ வந்தது. உதட்டைக் குவிச்சு வேகமா ஊதினா அதே குழாய்ல மேல் ச, அதுக்கும் மேல ப. அவ்ளோதான் இதோட சங்கதி.

கூடையைத் தலையில கவுத்துக்கிட்டுத் திரிஞ்ச கொமுசோ துறவிங்க ஷாகுஹாச்சி ஊதறதையே தியானமா வச்சிருந்தாங்களாம். 1871ல மெய்ஜி அரசு அவங்க ஃபுகே பிரிவையே ஒழிச்சிடுச்சு. குழல் மட்டும் தப்பிச்சுது.

இந்தச் சமயத்துலதான் அப்பாவுக்கு மதுரையில பைபாஸ். எனக்கு இங்க ரிலீஸ். "தம்பி இருக்கான், நீ வந்து என்ன செய்யப்போற?"ன்னாங்க அம்மா. நானும் அதையே புடிச்சுக்கிட்டேன். உண்மையைச் சொல்றேன், லீவு கேட்டு யாரும் இல்லைன்னு சொல்லலை. நான் கேக்கவே இல்லை.

ஆபரேஷன் முடிஞ்சதும் மூணு பந்து போட்ட பிளாஸ்டிக் டப்பா ஒண்ணு குடுப்பாங்க, பாத்திருப்பீங்க. மூச்சை இழுத்துப் பந்தை மேல தூக்கணும். நெஞ்சுத் தையல் வலிக்குதுன்னு அப்பா அதைத் தொடவே மாட்டேன்னுட்டார். வீடியோ கால்ல, "நீங்க பந்தைத் தூக்குங்கப்பா, நான் இதை ஊதறேன்"னு மூங்கிலைக் காட்டினேன்.

"ஓட்டையே இல்லியேல! காசு குடுத்தா வாங்கின?"

சிரிச்சிட்டார். சிரிச்சா வலிக்கும்ல, தலையணையை நெஞ்சோட அணைச்சுக்கிட்டே சிரிச்சார்.

தினம் சாயங்காலம் இதே கூத்து. அவர் இழுப்பார், நான் விடுவேன். ஒரு பந்து, ரெண்டு பந்து... மூணாவது பந்து ஏறின அன்னிக்கு நானும் தம் கட்டி நீளமா ஒரு ரோ ஊதினேன். "எப்படிப்பா?"ன்னா, "சத்தமே வரலியேல, தினமும் கன்னம் உப்புறதைத்தான் பாக்கேன்"ங்கறார். ஒரே சுருதியில நீளமா வர்றதை ஃபேன் சத்தம்னு நினைச்சு ஆப் வெட்டி எறிஞ்சிருக்கு! அந்த செட்டிங்கை அணைக்க எனக்குத் தெரியாதா என்ன. அணைக்கலை. நேர்ல போய் ஊதிக்கலாம்னு தோணிச்சு.

ரிலீஸ் முடிஞ்சு தூத்துக்குடி போனேன். வாசல் திண்ணையில உக்காந்து ஊதினேன். ஹார்பர்ல முப்பது வருஷம் வேலை பாத்த மனுஷன், கண்ணை மூடிக் கேட்டார்.

"கப்பல் சத்தம் மாதிரில்லா இருக்கு"ன்னார்.

கெளம்புற கப்பலா, வர்ற கப்பலான்னு நான் கேக்கலை.

டிஸ்கி: சென்சேய் போன வாரம் அஞ்சு துளைக் குழல் குடுத்துட்டார். காலையில முதல் பத்து நிமிஷம் இன்னும் பழைய மூங்கில்தான். ராஜா பாட்டா? அதுக்கு இன்னும் நாளாகும் மக்கா!