நல்ல இரும்பு வரும்வரை

தூத்துக்குடியிலிருந்து முள்ளக்காடு வழியாக ஆறுமுகநேரிப் பக்கம் போகிறவர்கள் உப்பளங்களையும் வெள்ளை வெளேரென்ற உப்புக் குவியல்களையும் பார்ப்பார்கள். தட்டுமேட்டில் நின்று உப்பு ஏற்றும் வண்டிகளை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. மேலே புதுப் பெயிண்ட் இருக்கும், முன்கண்ணாடியில் சாமி பெயர் இருக்கும், பம்பரில் எலுமிச்சம்பழம் தொங்கும். அடியில் சேஸ் ஏடு ஏடாக உரிந்துகொண்டிருக்கும். இந்தியாவில் குஜராத்துக்கு அடுத்து அதிகமாக உப்பு விளைவது தமிழ்நாட்டில். அதிலும் பெரும்பங்கு எங்கள் கடற்கரையில். அந்த உப்பெல்லாம் ஏதோ ஒரு வண்டியின் இரும்பைத் தின்றுவிட்டுத்தான் வெளியூர் போய்ச் சேருகிறது.

அப்பா வாங்கி, இப்போது தம்பி ஓட்டும் எங்கள் டாடா 207 அப்படித் தின்னப்பட்ட வண்டி. 1988-ல் டாடாமொபைல் என்று வந்த பிக்கப் வரிசையின் வாரிசு இது. எங்களுடையது பின்னால் வந்த டி.ஐ. மாடல், 407 லாரி எஞ்சினின் குடும்பத்தைச் சேர்ந்த நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சின். அந்த எஞ்சினைப் பற்றி ஒரு குறை சொல்ல மாட்டேன். மழைக்காலம் முழுக்க வேப்பமரத்தடியில் கிடந்த பிறகும், நல்ல பேட்டரியைக் கட்டி, ஃபில்டரிலும் பம்பிலும் காற்றை எடுத்துவிட்டால் எழுந்து பேசும். வண்டியைக் கொன்றுகொண்டிருந்தது அடிப்பாகம். கேபினில் டிரைவர் காலடியில் தரை தெரிந்தது. பின்சக்கரத்துக்கு முன்னால், ஸ்பிரிங் பட்டையைத் தாங்கும் ஹேங்கருக்குப் பக்கத்தில், சேஸை ஸ்குரூ டிரைவரால் குத்தினால் உள்ளே இறங்கியது.

காட்டிய இடத்தில் எல்லாம் ஒரே பதில்தான். தகடு வைத்து மூடி, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்து, எஃப்.சி.க்குக் காட்டிவிடலாம்; இல்லையென்றால் எடைக்குப் போட்டுவிடலாம். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. பட்டறைக்காரருக்கு இடம் காசு, நேரம் காசு. துருவை அதன் முடிவுவரை துரத்திக்கொண்டு போனால் கூலி கட்டாது. துரத்துகிற வேலையை வீட்டில்தான் செய்ய முடியும். அரையாண்டு விடுமுறையும் சனி ஞாயிறுகளும் கையில் உள்ள பள்ளிக்கூட வாத்தியார் செய்யலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் அளங்கள் மூடிக் கிடப்பதால் வண்டிக்கும் அப்போது ஓய்வு.

நான் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் நடத்துகிறவன். துரு என்றால் இரும்பு, ஆக்சிஜன், தண்ணீர் என்று கரும்பலகையில் எழுதிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவோம். வண்டியின் கீழே மல்லாந்து படுத்த பிறகுதான் அந்தப் பாடம் எவ்வளவு பெரியது என்று தெரிந்தது. சுத்தமான சோடியம் குளோரைடு, காற்றில் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் ஈரத்தை இழுத்துத் தானே கரையும். ஆனால் கடல்நீரைக் காயவைத்து வாரும் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் ஒட்டிக்கொண்டு வருகிறது. அது சுமார் 33 சதவீத ஈரப்பதத்திலேயே கசியத் தொடங்கிவிடும். கடற்கரை ஊரில் காற்று அவ்வளவு வறள்வது அரிது. அதனால், சித்திரை வெயிலில் காய்ந்து கிடப்பதாக நாம் நினைக்கும் வண்டியின் மடிப்புகளுக்குள்ளும் உப்பு ஈரமாகவே இருக்கிறது, துருவும் நடந்துகொண்டே இருக்கிறது. மழைக்காலத்தில்தான் வண்டி துருப்பிடிக்கும் என்பது எங்கள் ஊரைப் பொறுத்தவரை உண்மையில்லை.

இன்னொன்று. துரு, அது தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். இரண்டு தகடுகளை ஒட்டிப் புள்ளி வெல்டிங் வைத்த இடத்தில் உள்ளே துரு புகுந்தால், அது வீங்கி, தகடுகளைப் பிளந்து, இன்னும் அதிக ஈரத்துக்கு வழி விடும். அலுமினியத்தின் மேல் படியும் ஆக்சைடு உலோகத்தை மூடிக் காக்கிறது. துரு நுண்துளைகள் நிறைந்தது, எதையும் காக்காது. கதவின் அடியிலும் கேபின் விளிம்பிலும் தண்ணீர் வடிவதற்காக ஓட்டைகள் விட்டிருக்கிறார்கள். எங்கள் வண்டியில் அவை எல்லாமே உப்பும் சேறும் சேர்ந்து கல்லாகி அடைபட்டிருந்தன. பழைய வண்டியைக் கையில் எடுப்பவர் முதலில் செய்ய வேண்டியது அந்த ஓட்டைகளைக் கம்பியால் குத்தித் திறப்பது. காசு செலவில்லாத வேலை. செய்திருந்தால் பாதி இரும்பு மிஞ்சியிருக்கும் என்றுகூடத் தோன்றுகிறது.

கழற்றும் வேலைதான் மனிதனைச் சோதிக்கும். போல்ட்டும் நட்டும் சேர்ந்து ஒரே இரும்பாகியிருக்கும். முதல் நாள் சாயங்காலமே டீசல் ஊற்றி ஊறவைத்து, மறுநாள் ரிங் ஸ்பேனரில் குழாய் மாட்டித் திருகினால் சிலது வரும். வராததைக் கேஸ் வெல்டிங் டார்ச்சால் காய்ச்சி, சூடு கொஞ்சம் இறங்கும்போது மெழுகுவர்த்தியை அதன்மேல் வைத்தால், மெழுகு உருகி மரைக்குள் இழுபட்டுப் போகும். அதன்பின் முன்னும் பின்னுமாகக் கால் திருகு, அரைத் திருகு. கட்டாயப்படுத்தினால் போல்ட் தலை கையோடு வந்துவிடும். பின்பக்க யூ போல்ட்டுகள் எதற்கும் மசியவில்லை. உளி வைத்து நட்டைப் பிளந்தோம். அவற்றை எப்படியும் புதிதாகத்தான் மாட்ட வேண்டும்.

வெல்டிங்குக்கு வந்தவர் எங்கள் தெருக்கோடியில் கிரில் கேட் அடிக்கும் அண்ணாச்சி. முன்பு லாரி பாடி கட்டும் பட்டறையில் வேலை பார்த்தவர். வந்ததும் மிஷினைக் கீழே வைக்காமல், கையில் சின்னச் சுத்தியலோடு வண்டியைச் சுற்றி வந்தார். சேஸை விரற்கடை விரற்கடையாகத் தட்டினார்.

"சத்தத்தக் கேளுங்க தம்பி. இங்க ணங்குன்னு பேசுது. இங்க பாருங்க, வாயே தொறக்க மாட்டேங்கு."

"எவ்வளவு தூரம் வெட்டணும் அண்ணாச்சி?"

"நல்ல இரும்பு வார வரைக்கும். நம்ம கணக்கெல்லாம் அதுக்குத் தெரியாது."

சுண்ணாம்புக் கட்டியால் அவர் வரைந்த கோடு, நான் மனதில் வைத்திருந்ததைவிட இரண்டு மடங்கு நீளம். கிரைண்டரில் கட்டிங் வீல் போட்டு வெட்டியபோது அவர் கோடுகூடக் குறைவு என்று தெரிந்தது. வெளியே திடமாக நின்ற இரும்பு, உள்பக்கம் வெற்றிலைக் கனத்துக்கு இளைத்திருந்தது. இதற்கு மேல்தான் முன்பு யாரோ ஒருவர் தகடு வைத்துப் பற்றவைத்து, கறுப்புப் பெயிண்ட் அடித்துவிட்டுப் போயிருக்கிறார். பழைய துருவை உள்ளே வைத்து மூடிய தகடு, தனக்கும் அந்தத் துருவுக்கும் இடையில் உப்பு ஈரத்தைச் சிறைவைத்துத் தானும் அழுகிவிட்டது. அந்தத் தகட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது எனக்கு வந்தது உண்மையான வருத்தம். தம்பி இந்த வண்டியில் முழு லோடும், பக்கத்தில் இரண்டு லோடுமேன்களுமாகப் போய்க்கொண்டிருந்தான். வண்டி ஒரு பக்கமாக அமர்கிறது என்று அவன் சொன்னதற்கு, ஸ்பிரிங் பட்டை தளர்ந்திருக்கும் என்றுதான் எல்லோரும் பதில் சொன்னார்கள்.

சேஸில் ஒட்டு வைப்பதற்கு ஒரு முறை உண்டு. ஒட்டுத்தகட்டின் ஓரத்தைச் செங்குத்தாக நிறுத்தினால், வெல்டிங் சூடு பட்ட அந்த ஒரே கோட்டில் பாரம் முழுக்க இறங்கி, கொஞ்ச காலத்தில் அங்கேயே கீறும். ஆகவே ஓரங்களைச் சாய்வாக வெட்ட வேண்டும். சேஸின் மேல்விளிம்பிலும் கீழ்விளிம்பிலும் குறுக்கே பற்றவைக்கக் கூடாது. வேலைக்கு முன் டீசல் டேங்கை இறக்கி அப்பால் வைத்தோம். ஆல்டர்னேட்டர் கெடாமலிருக்கப் பேட்டரி ஒயரைக் கழற்றினோம். எர்த் பிடியைப் பற்றவைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே கடித்துப் பிடிக்கவிட்டோம். ஜி.ஐ. தகடு மலிவாகக் கிடைக்கிறது என்று கொண்டு வந்தேன். அண்ணாச்சி ஓரத்தில் இருந்த துத்தநாகப் பூச்சை எல்லாம் தேய்த்து எடுத்த பிறகுதான் பற்றவைத்தார். அந்தப் புகையை இழுத்தால் ராத்திரி குளிர்காய்ச்சல் வரும். வெல்டர்களுக்கு அது நன்றாகத் தெரியும். இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். வண்டிக்குக் கீழே போகிற எவரும் ஜாக்கியை மட்டும் நம்பிப் போகக் கூடாது. சேஸுக்குக் கீழே கனமான கட்டைகளை அடுக்கி, வண்டியை ஆட்டிப் பார்த்துவிட்டே தலையை உள்ளே விட வேண்டும்.

சின்னச் சாமான்களை என் முறையில் சுத்தம் செய்தேன். கீல், பிராக்கெட், கொக்கி எல்லாம் பிளாஸ்டிக் தொட்டியில் சலவைச் சோடா கரைத்த தண்ணீருக்குள் போயின. பேட்டரி சார்ஜரின் நெகட்டிவ் முனை சாமானில், பாசிட்டிவ் முனை ஒரு பழைய இரும்புப் பட்டையில். விடிந்து பார்த்தால் துரு இளகி, பிரஷ்ஷால் தேய்த்ததும் கழன்று போகும். ஹைட்ரஜன் வாயு வருவதால் திறந்தவெளியில் வைக்க வேண்டும். பாசிட்டிவ் முனையில் எவர்சில்வர் தட்டைக் கட்டவே கூடாது. அதிலுள்ள குரோமியம் நச்சு வடிவத்தில் தண்ணீரில் இறங்கும்.

எடுக்க முடியாத மெல்லிய துருவைக் கறுப்பாக மாற்றிவிடலாம். கடைகளில் விற்கும் ரஸ்ட் கன்வெர்ட்டர்களில் பலவற்றின் சாரம் டானின், இல்லையென்றால் பாஸ்பாரிக் அமிலம். டானின் நிறைந்தது நம் கடுக்காய். இடித்துக் கொதிக்கவைத்து வடிகட்டிய நீரைக் கதவின் உள்பக்கத்தில் தடவினேன். செம்பழுப்பு கண்ணெதிரே கறுத்தது. அது தனியாகப் போதாது, மேலே பிரைமர் வேண்டும். பாஸ்பாரிக் அமிலமோ துருவை இரும்பு பாஸ்பேட்டாக்கிப் படியவைக்கிறது. டெல்லி மெஹ்ரௌலியில் சுமார் 1,600 ஆண்டுகளாக நிற்கும் இரும்புத்தூணை ஆராய்ந்த கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியர் ஆர். பாலசுப்பிரமணியம், அதன் இரும்பில் பாஸ்பரஸ் அதிகம், அதனால் உருவான மெல்லிய பாதுகாப்புப் படலமே தூணைக் காக்கிறது என்று காட்டினார். இன்றைய எஃகில் பாஸ்பரஸை வேண்டுமென்றே குறைத்துவிடுகிறோம். அது மிகுந்தால் எஃகு நொறுங்கும் தன்மை பெறும். வகுப்பில் இதைச் சொன்னபோது, பின்பெஞ்சுப் பையன்கள்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அவர்களில் பலருடைய வீட்டிலும் அளத்து வண்டி உண்டு.

பிரேக் பைப்புகளை மறுயோசனை இல்லாமல் முழுவதும் மாற்றினோம். அவை வெளியே உப்பாலும் உள்ளே ஈரத்தாலும் அரிக்கும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிற திரவம். புதுப் பைப் மாட்டியபின் காற்றை வெளியேற்ற இரண்டு ஆள் வேண்டும். என் மகள் சீட்டில் உட்கார்ந்தாள். அமுக்கு, பிடிச்சுக்கோ, இப்ப விடு. நான் நிப்பிளைத் திறந்து மூடினேன். ஏன் இடது பின்சக்கரத்தில் ஆரம்பிக்கிறோம் என்று கேட்டாள். மாஸ்டர் சிலிண்டர் வலப்பக்கம் இருக்கிறது, அதிலிருந்து அதுதான் தூரம், தூரத்துக் காற்றை முதலில் விரட்ட வேண்டும் என்றேன். நான்கு சக்கரமும் முடிந்து பெடல் கல்லுமாதிரி நின்றதும், அவளே இறங்கி வந்து ஒவ்வொரு மூட்டிலும் விரலால் தடவி, கசிவு இருக்கிறதா என்று பார்த்தாள். நான் சொல்லிக்கொடுக்காத வேலை அது.

வணிக வண்டிக்கு முதல் எட்டு ஆண்டுகள் வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அதற்குப்பின் ஆண்டுதோறும் எஃப்.சி. எடுக்க வேண்டும் என்பது சட்டம். 15 ஆண்டு தாண்டிய வண்டிகளுக்கான கட்டணத்தை மத்திய அரசு 2022 ஏப்ரல் முதல் பல மடங்கு உயர்த்தியது. ஒற்றை வண்டியை வைத்துப் பிழைக்கிறவர் அந்தக் காசைக் கட்ட வேறெங்கோ மிச்சம் பிடிக்கிறார், அது பெரும்பாலும் வண்டியின் அடிப்பாகத்தில்தான். பார்வைக்கு வரும் இடத்தில் பட்டியும் பெயிண்டும், வராத இடத்தில் துருவும் என்று ஆகிவிடுகிறது. பழைய வண்டியெல்லாம் ஒழிய வேண்டும் என்று பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஒரு வண்டிக்கான எஃகை மறுபடி உருக்குவதற்குச் செலவாகும் கரியையும் கணக்கில் எடுக்க வேண்டாமா? ஆனால் சுத்தியல் பேசாத சேஸை வைத்துக்கொண்டு பாரம் ஏற்றுவதற்கு எந்த ஏழ்மையையும் காரணமாகச் சொல்ல நான் தயாரில்லை. உள்ளே உட்கார்ந்து போவது நம்மைப் போன்ற ஆள்.

இப்போது அண்ணாச்சிக்கும் எனக்கும் ஒரே ஒரு விஷயத்தில் வழக்கு. லாரிக்காரர்கள் வழக்கப்படி, அடிப்பாகம் முழுக்கப் பழைய எஞ்சின் ஆயிலை அடித்துவிடச் சொல்கிறார். அது ரப்பர் புஷ்களை ஊதவைக்கும், மழையில் கழுவிக்கொண்டு மண்ணுக்கும் அளத்து வாய்க்காலுக்கும் போகும் என்பது என் பக்கம். எபாக்சி பிரைமர் அடித்து, மடிப்புகளுக்குள் மெழுகு கலந்த பூச்சைப் பீய்ச்சி, ஒவ்வொரு சனிக்கிழமையும் நல்ல தண்ணீரால் அடிப்பாகத்தைக் கழுவலாம் என்கிறேன். தம்பி எங்கள் இருவர் பேச்சையும் கேட்டுவிட்டு, கழுவுவதற்குத் தண்ணீர் யார் பிடித்து வைப்பது என்று மட்டும் கேட்டான். கோடையில் லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கும் தெரு எங்களுடையது. அவன் கேள்வி நியாயமானது. வீட்டுக் கூரைத் தண்ணீரைப் பிடிக்க ஒரு டேங்க் வைப்பதென்று முடிவாகியிருக்கிறது. அதற்கான குழாயை வாங்கியாயிற்று. இடது கதவும், பின் டோரின் கீலும் பாக்கி. மழை விட்டு அளத்தில் வேலை தொடங்குவதற்குள் முடித்துவிடுவோம்.