பலாச்சுளைக்கு விழுந்த அரசு

ஜொகூர் பாருவிலிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் கோத்தா திங்கி. அருவியில் குளித்துவிட்டு வந்தவழியே திரும்பிவிடாதீர்கள். கம்போங் மக்காமில் ஒரு கல்லறை இருக்கிறது, பிள்ளைகளுடன் பார்த்து வாருங்கள்.

இவ்வூர் அன்று ஜொகூரின் தலைநகர். 1699இல் தொழுகைக்குச் சென்ற இளம் சுல்தான் மாமுட் ஷா, தூக்கிச் சென்றவர்களின் தோள்மேலேயே கொல்லப்பட்டார். கொன்றவன் கடற்படைத் தலைவன் மெகாட் ஸ்ரீ ராமா என்பார்கள். அவனுடைய மனைவி டாங் அனும், மசக்கையில் அரண்மனைத் தோட்டத்துப் பலாச்சுளை ஒன்றைத் தின்றுவிட்டாள். அதற்காக அந்தக் கர்ப்பிணியின் வயிற்றைக் கிழிக்கச் சொன்னாராம் மன்னர்! வழிவழியாக வரும் கதை இது.

சுல்தானுக்கு வாரிசில்லை. மலாக்காவிலிருந்து தொடர்ந்த அரசமரபு அற்றது. பட்டத்துக்குப் போட்டி மூண்டது. 1718இல் சியாக்கின் ராஜா கெச்சில் ஜொகூரைப் பிடித்தார்.

தலைவர்கள் நியாயத்தைப் புரட்டினால் எருசலேம் வயல்போல் உழப்பட்டு மண்மேடாகும் என்று பைபிளில் மீகா தீர்க்கதரிசி எச்சரித்தார். நம் கண்ணகி கதையில் மதுரை எரிந்ததும் இதற்காகத்தானே?

எளியவளின் கண்ணீருக்குக் கணக்குக் கேட்கும் நாள் ஒன்று உண்டு. எந்த மதத்துப் பாட்டியும் பேரனுக்கு இதையே சொல்லியிருக்கிறாள். நாமும் சொல்லி வைப்போம்.