பட்டா இல்லாதவர்களுக்குப் பூர்வீகம் உண்டா?

குடிவரவு மோசடியைக் கண்டுபிடிக்கும் வேலை என்றதும் விமான நிலையத்துக் கண்ணாடிக் கூண்டும் கள்ளப் பாஸ்போர்ட்டும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். நாங்கள் நான்கு பேர் பதினோரு மாதம் பார்த்த வேலையில் விமானமும் இல்லை, கூண்டும் இல்லை. ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஆறு பக்கப் படிவம், முகாம் வாசலில் ஒரு வேப்பமரம். அவ்வளவுதான். இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில் (2021 ஆகஸ்ட் வரை இவை அகதிகள் முகாம்கள்) இருந்து இந்தியக் குடியுரிமை கேட்டு மனு கொடுத்தவர்கள் சொல்வது உண்மையா பொய்யா என்று நேரில் விசாரித்து அறிக்கை தர வேண்டும். சமூகவியலும் சமூகப்பணியும் படித்தவர்கள் என்பதால் ஒப்பந்த அடிப்படையில் எடுத்தார்கள். எந்த அலுவலகம், எந்த மாவட்டம் என்பதெல்லாம் இங்கே தேவையில்லை. எங்களில் மூவர் சேரியில் பிறந்தவர்கள் என்பது மட்டும் தேவை. ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

முதல் நாள் பயிற்சி. ஓய்வுபெற்ற காவல்துறை அதிகாரி ஒருவர் வந்து பொய்யைக் கண்டுபிடிப்பது எப்படி என்று வகுப்பெடுத்தார். காலையில், “பொய் சொல்றவன் தடுமாறுவான்” என்றார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, “தடுமாறாம சொன்னா சந்தேகப்படுங்க, யாரோ சொல்லிக்கொடுத்து அனுப்பியிருப்பாங்க” என்றார். இரண்டையும் எழுதிக்கொண்டோம். பேச்சை வைத்து ஆளை அடையாளம் காண்பது பற்றியும் சொன்னார்: ‘கதைக்கிறது’ என்றால் இலங்கை, ‘பேசுறது’ என்றால் இந்தியா. மலையகத்தார் பலரும் ‘பேசுறது’ என்றுதான் சொல்வார்கள் என்பதோ, முகாமில் பிறந்து நம்மூர்ப் பள்ளியில் படித்த பிள்ளைகள் பேசுவது பக்கத்துத் தெருப் பிள்ளைகளின் தமிழ்தான் என்பதோ அந்த வகுப்பில் வரவில்லை.

இலங்கையில் இருந்து வந்தவர்கள் எல்லோரையும் ஒரே கூட்டமாகப் பார்ப்பது நம் பழக்கம். முகாம்களில் இருக்கும் சுமார் 58,000 பேரில் கணிசமானோர் மலையகத் தமிழர்கள். திருச்சி, சேலம், புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம், வட ஆற்காடு பக்கங்களில் இருந்து 19ஆம் நூற்றாண்டில் கங்காணிகள் காப்பித் தோட்டத்துக்கும், பிறகு தேயிலைத் தோட்டத்துக்கும் அழைத்துப் போனவர்களின் வாரிசுகள். அவர்களில் பெரும்பகுதி பறையர், பள்ளர், அருந்ததியர். பஞ்சமும் பண்ணையடிமைத்தனமும் துரத்தியதால் போனவர்கள். நம் கிராமங்களில் அவர்களுக்கு ‘கண்டிக்குப் போனவுங்க’ என்று பெயர்.

இவர்களுக்குத் தாள் புதிதல்ல. தோட்டத்தில் ‘துண்டு’ என்று ஒரு முறை இருந்தது. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், தலைமேல் எவ்வளவு கடன் இருக்கிறது என்று எழுதிய துண்டு வேண்டும். புதுத் துரை அந்தக் கடனை அடைத்தால்தான் ஆளை எடுக்க முடியும். 1921இல்தான் அது சட்டப்படி ஒழிந்தது. ஆளைக் கட்டிவைக்க வேண்டியிருந்த காலத்தில் ஒவ்வொரு தலைக்கும் ஒரு தாள் இருந்திருக்கிறது. உரிமை என்று வந்தபோது தாளைக் காணோம்.

1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் சுமார் 7 லட்சம் பேரை நாடற்றவர்களாக்கியது. 1949இல் இன்னொரு சட்டம் வந்தது. திருமணமானவர் 7 ஆண்டும், ஆகாதவர் 10 ஆண்டும் இடைவிடாமல் இலங்கையில் வாழ்ந்ததை நிரூபித்தால் குடியுரிமை கேட்கலாம். அந்த மனுக்களை விசாரிக்கவும் அதிகாரிகள் இருந்தார்கள். ஒரு வகையில் எங்களுக்கு முன்னோடிகள். சுமார் 8 லட்சம் பேர் கேட்டார்கள், கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு. எந்த மாதம் எந்தத் தோட்டத்தில் பேர் விழுந்தது என்று சொல்லும் செக்ரோல் தோட்டத்துரையின் அலமாரியில் இருந்தது. அதை நிரூபிக்க வேண்டியவரோ லயத்துக் காம்பராவில் இருந்தார். அந்தக் காலத்தில் அவர்கள்மேல் ஒட்டிய சொல்தான் ‘கள்ளத்தோணி’. நான்கு தலைமுறையாகத் தேயிலை பறித்தவரையும் நேற்றிரவு கரையேறியவராக்க அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது.

1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். கணக்கில் எடுத்த 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு. 1974இல் அந்த மிச்சத்தையும் பாதிப்பாதியாகப் பிரித்தார்கள். சம்பந்தப்பட்ட மக்களிடம் யாரும் கேட்கவில்லை.

எங்கள் பட்டியலில் 1972இல் நுவரெலியா பக்கத்துத் தோட்டத்தில் பிறந்த ஒரு அம்மா இருந்தார். அவருடைய அப்பா ஒப்பந்தப்படி இந்தியக் குடியுரிமை கேட்டு, வாங்கி, இந்தியப் பாஸ்போர்ட்டும் எடுத்துவிட்டார். பிள்ளைகளின் பெயரும் அதிலேயே இருந்ததாம். சேமநிதிப் பணம் வருவதற்காகக் காத்திருந்தார்கள். 1977 கலவரத்தில் லயத்தை விட்டு வவுனியாவுக்கு ஓடினார்கள். 1983 வந்தது. 1984இல் தலைமன்னார்–இராமேஸ்வரம் கப்பல் நின்றது. இந்தியப் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு வர முடியாமல் நின்றுபோன பல்லாயிரம் பேரில் அந்தக் குடும்பமும் ஒன்று. 1990இல் சண்டை மறுபடி மூண்டபோது மீன்பிடிப் படகில் வந்தார்கள். பெட்டி வரவில்லை. மண்டபம் முகாமில் பதிந்தபோது ‘இலங்கை அகதி’ என்று எழுதிக்கொண்டார்கள். அந்த மண்டபம் முகாமும் பழைய இடம்தான். தோட்டத்துக்குப் போகும் கூலிகளைத் தடுத்துவைத்து, நோய் பார்த்து அனுப்ப இலங்கை அரசு நடத்திய இடம்.

எங்கள் படிவத்தின் கேள்விகளுக்கு அந்த அம்மாவின் விடைகள் இப்படி விழுந்தன. நுழைந்த விதம்: படகு. பாஸ்போர்ட்: இல்லை. விசா: இல்லை. முடிந்தது. 2003இல் திருத்தப்பட்ட குடியுரிமைச் சட்டப்படி, செல்லுபடியாகும் பயண ஆவணம் இல்லாமல் நுழைந்த வெளிநாட்டவர் ‘சட்டவிரோதக் குடியேறி’. அப்படிப்பட்டவர் பதிவு வழியாகவோ இயல்புரிமை வழியாகவோ குடியுரிமை கேட்க முடியாது. ஆனால் அந்த அம்மா சொல்வது உண்மையானால் அவர் வெளிநாட்டவரே கிடையாது. இந்தியர் ஒருவர் தன் நாட்டுக்குப் படகில் வந்திருக்கிறார், முப்பது வருடத்துக்கு மேலாக அகதியாக முகாமில் இருக்கிறார். எனவே எங்கள் விசாரணை முழுவதும் ஒரே கேள்வியில் வந்து நின்றது: அப்பா உண்மையிலேயே இந்தியக் குடியுரிமை பெற்றவரா, அவருடைய பூர்வீகம் எது?

பூர்வீகம் முசிறி வட்டாரத்தில் ஒரு கிராமம் என்றார். பெயரைச் சரியாகச் சொன்னார். நாங்கள் போனோம்.

பூர்வீகத்தைச் சரிபார்க்க எங்களுக்குச் சொல்லப்பட்ட முறை இது: கிராம நிர்வாக அலுவலரிடம் பழைய நிலப் பதிவேட்டைப் பார்க்க வேண்டும், பிறகு ‘ஊர்ப் பெரியவர்கள்’ இரண்டு பேரிடம் வாக்குமூலம் வாங்க வேண்டும். பதிவேட்டில் அந்தக் கொள்ளுத்தாத்தா பெயர் இல்லை. எப்படி இருக்கும்? அடுத்தவன் நிலத்தில் பண்ணையாளாக இருந்தவனுக்குப் பட்டா ஏது? தாழ்த்தப்பட்டோருக்கென்று 1892க்குப் பிறகு ஒதுக்கிய பஞ்சமி நிலமே யார் யார் கையிலோ இருக்கும்போது, அதற்கும் முன்னால் பஞ்சம் பிழைக்கக் கப்பலேறியவன் பெயரை எந்தச் சர்வே எண்ணில் தேடுவது? ஊர்ப் பெரியவர் என்று அலுவலர் காட்டியது ஊர்த்தெருவில் இரண்டு வீடு. இருவருமே நல்லபடியாக மோர் கொடுத்து உட்கார வைத்தார்கள். “எங்க ஊர்ல இருந்து கண்டிக்கு யாரும் போனதில்லைங்க” என்றார் ஒருவர். அவர் பொய் சொல்லவில்லை. அவர் ‘எங்க ஊர்’ என்று சொன்னபோது காலனி அதற்குள் இல்லை.

காலனிக்குப் போக வேண்டும் என்று எங்கள் படிவத்தில் எங்கும் இல்லை. வாகன ஓட்டுநரும் வண்டியைத் திருப்பிவிட்டிருந்தார். இறங்கி நடந்தோம். எங்களுக்கு அந்த வழி தெரியும். எல்லா ஊரிலும் அது ஒரே திசையில்தானே இருக்கிறது.

அங்கே எண்பதைத் தாண்டிய ஒரு பாட்டி, நாங்கள் முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள், “கண்டிக்காரன் வகையறாவா?” என்றார். தன் மாமனாருடைய சித்தப்பா கங்காணியோடு போனவர் என்றும், ஒரே ஒரு தடவை திரும்பி வந்து ஒரு பித்தளைச் செம்பு கொடுத்துவிட்டுப் போனார் என்றும் சொன்னார். நாங்கள் அவரிடம் குலதெய்வம் எது என்று கேட்டோம். முகாமில் அந்த அம்மாவிடமும் இதே கேள்வியைக் கேட்டு எழுதி வைத்திருந்தோம். ஏரிக்கரையில் ஏழு கல், ஆடியில் பொங்கல், கடைசிக் கல்லுக்கு மட்டும் சுருட்டும் கருவாடும். தோட்டத்தில் லயத்துக்குப் பின்னால் ஏழு கல் நட்டு இதையேதான் செய்தோம் என்று அந்த அம்மா சொல்லியிருந்தார். ஏன் கடைசிக் கல்லுக்கு மட்டும் என்று அவருக்குத் தெரியாது, பாட்டிக்குத் தெரிந்திருந்தது. கருவாடு வரைக்கும் யாரும் சொல்லிக்கொடுத்து அனுப்ப மாட்டார்கள்.

இதையெல்லாம் எழுதிப் பதினோரு பேரிடம் கையெழுத்தும் கைநாட்டும் வாங்கி அறிக்கையோடு வைத்தோம். மேலதிகாரி படித்துவிட்டுச் சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை. “சாமி சாட்சி சொல்லுமாப்பா? ஆவணம் என்னன்னு கேட்டிருக்கு” என்றார். ஊர்த்தெருவில் வாங்கிய ‘யாரும் போனதில்லை’ என்ற இரண்டு வாய்வார்த்தைகளை அவர் ஆவணமாக எடுத்துக்கொண்டார் என்பதைச் சுட்டிக்காட்டினோம். அது விதிமுறைப்படி வாங்கியது என்றார்.

சரி, ஆவணம் என்றே வைத்துக்கொள்வோம். இந்திய அரசு ஒருவருக்குப் பாஸ்போர்ட் கொடுத்தால் அந்தப் பதிவு இந்திய அரசிடம்தான் இருக்க வேண்டும். கண்டியில் இந்திய உதவித் தூதரகம் இன்றும் இருக்கிறது. அப்பாவின் பெயர், தோட்டத்தின் பெயர், ஏறத்தாழ ஆண்டு எல்லாம் நம்மிடம் இருக்கின்றன. ஒரு கடிதம் எழுதிக் கேட்கலாமே என்று பரிந்துரைத்தோம். “அது நம்ம வேலை இல்ல. நிரூபிக்க வேண்டியது அவங்க” என்று பதில் வந்தது. 1946ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் சட்டம் 9ஆம் பிரிவில் அப்படித்தான் சொன்னது: தான் வெளிநாட்டவர் இல்லை என்று காட்டும் பொறுப்பு சம்பந்தப்பட்டவருடையது. அன்று செக்ரோல் துரையின் அலமாரியில்; இன்று பாஸ்போர்ட் பதிவேடு அரசின் அலமாரியில். சாவியை வைத்திருப்பவரே, எடுத்துக்கொண்டு வா என்கிறார்.

மோசடியே நடக்கவில்லை என்று நாங்கள் சொல்ல வரவில்லை. நடக்கிறது. போலிப் பிறப்புச் சான்றிதழ், போலி ரேஷன் கார்டு, அதை வைத்துப் பாஸ்போர்ட் என்று லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு முடித்துத் தரும் தரகர்கள் இருக்கிறார்கள். நாங்கள் பார்த்த இரண்டு வழக்குகளிலும் சிறைக்குப் போனது தாளை வாங்கியவர். தரகரின் பெயர் ‘அடையாளம் தெரியாத நபர்’. அந்த வேலைக்குப் புலனாய்வு வேண்டும்தான். ஆனால் எங்கள் பட்டியலில் இருந்த மலையகக் குடும்பங்களில் பெயிண்ட் அடிக்கப் போகிறவர்களும் கல் உடைக்கப் போகிறவர்களும்தான் இருந்தார்கள். தரகரைப் பார்க்க அவர்களிடம் பணம் கிடையாது. இருந்திருந்தால் அவர்களிடம் தாள் இருந்திருக்கும், எங்கள் படிவமும் நிறைந்திருக்கும்.

நீதிமன்றம் கொஞ்சம் கதவைத் திறந்திருக்கிறது. 2019 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இந்திய வம்சாவளியைச் சேர்ந்த 65 மனுதாரர்களின் குடியுரிமைக் கோரிக்கையை ஆட்சியர் வாங்கி மத்திய அரசுக்கு அனுப்ப வேண்டும் என்றது. 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன் என்பதால், 1986இல் மண்டபத்தில் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் தர 2022இல் உத்தரவிட்டது. அவர் 2024 தேர்தலில் வாக்களித்தார். மறுபக்கம், 2019 டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று நாடுகளின் பெயரைச் சொன்னது, இலங்கை அதில் இல்லை. நம் அம்மாவின் மகள் 1995இல் முகாமில் பிறந்தவர். தாயோ தந்தையோ இந்தியர் என்று நிரூபித்தால்தான் அவரும் இந்தியர். இளங்கலை நர்சிங் முடித்துவிட்டு, அரசுத் தேர்வு எழுத முடியாமல் தனியார் மருத்துவமனையில் இருக்கிறார். அவருக்கும் தேவை அதே அலமாரியில் இருக்கும் அதே பதிவேடுதான்.

எங்கள் ஒப்பந்தம் முடிந்தபோது கோப்பு மேலே போயிருந்தது. ‘விசாரணையாளர் கருத்து’ என்ற கட்டத்தில் நான்கு பேரும் கையெழுத்துப் போட்டு, ‘மனுதாரர் கூற்று உண்மை. கண்டி அலுவலகப் பதிவேட்டை அரசே கேட்டுப் பெற வேண்டும்’ என்று எழுதியிருக்கிறோம். அதை அடிக்கச் சொன்னார்கள், அடிக்கவில்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் அந்த அம்மாவின் பெயரிலேயே ஒரு மனுவும் தயார் செய்து கொடுத்தோம். குடிமக்கள்தான் அந்தச் சட்டத்தில் கேட்க முடியும் என்று திருப்பி அனுப்பினார்கள். இப்போது எங்களில் ஒருவர் பெயரில் போட்டிருக்கிறோம்.

ஆடி மாதம் அந்த அம்மா முகாமில் அனுமதி எழுதி வாங்கிக்கொண்டு முசிறி பக்கம் போய் வந்தார். பாட்டி வீட்டில்தான் சாப்பாடு. மாலையில் முகாமில் பெயர் கூப்பிடும்போது இருந்தாக வேண்டும் என்பதால், பொங்கல் பொங்கியதும் கிளம்பிவிட்டார். கிடா வெட்டும்வரை நிற்க முடியவில்லை.