பார்க்க வந்தவர்களும் வேலைக்கு வந்தவர்களும்

என்னைப் பார்க்க வருகிறவர்களை நான் வெறுத்த மாதங்கள் உண்டு. மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ ஏற்றிக்கொண்டு பினாங்கிலிருந்து கெடாவில் உள்ள எங்கள் ஊர் கரங்கானுக்குத் திரும்பும்போதெல்லாம், வாசலில் யாருடைய செருப்பும் கிடக்கக் கூடாதே என்றுதான் வேண்டிக்கொள்வேன். வந்தவர்கள் நல்லவர்கள்தான். ஆரஞ்சும் மைலோவும் வாங்கி வருவார்கள். என் தலைத்துணியைப் பார்ப்பார்கள், உடனே சாமிப் படத்தின் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். "எங்க சித்திக்கும் இதேதான்..." என்று தொடங்கிப் பாதியில் நிறுத்துவார்கள். மீதிக் கதை எனக்குத் தெரியாதா? சில நாள் கதவைச் சாத்திக்கொண்டு, தூங்குவதுபோல் படுத்துக்கிடந்தேன்.

மேகி கெஸ்விக் ஜெங்க்ஸ் என்ற ஸ்காட்லாந்துப் பெண்ணைப் பற்றிப் பிற்பாடு படித்தேன். சீனத் தோட்டக் கலையைப் பற்றிப் புத்தகம் எழுதியவர். 1993இல் புற்றுநோய் திரும்பி வந்துவிட்டது, இனி சில மாதங்கள்தான் என்று சொல்லிவிட்டு, அடுத்த நோயாளி காத்திருக்கிறார் என்று அவரை ஆஸ்பத்திரி நடைவழியில் உட்காரச் சொன்னார்களாம். ஜன்னலில்லாத அந்த இடத்தை அவர் மறக்கவில்லை. நோயாளி உட்கார்ந்து அழவும் யோசிக்கவும் தோட்டத்தோடு ஒரு வீடு வேண்டும் என்று திட்டம் போட்டார். 1995இல் அவர் இறந்தார்; மறு ஆண்டு எடின்பரோவில் அந்த வீடு திறந்தது. இன்று அவர் பெயரில் பல ஊர்களில் நிலையங்கள் இருக்கின்றன. ஹாங்காங்கில் 2013இல் திறந்த நிலையத்தின் தோட்டத்தை வடிவமைத்தவர் அவருடைய மகள். படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. என் நோயின் பெயரை நானும் ஒரு நடைவழியில் நின்றுகொண்டுதான் கேட்டேன்.

எங்களுக்கு அப்படி ஒரு வீடு கட்ட யார் இருக்கிறார்கள்? ஆனால் மண்ணைத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். எங்கள் பக்கத்து டப்ளின் மாதிரியான ரப்பர் எஸ்டேட்டுகளில் லயத்து வீடு எவ்வளவு சிறியதானாலும் பின்னால் முருங்கை நிற்கும், கத்தரி காய்க்கும், வெற்றிலைக் கொடி ஏறும். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயங்கள் காலியாகித் தாமான் குடியிருப்பு வீடுகளுக்கு வந்த எங்களுக்கு முன்னாலும் சிமெண்டு, பின்னாலும் சிமெண்டு. எங்கள் வரிசையின் கடைசி வீட்டை ஒட்டி உடைந்த ஓடும் லாலான் புல்லும் மண்டிய ஒரு துண்டு நிலம் கிடந்தது. கோயில் கமிட்டிப் பையன்களும், பால்வெட்டி ஓய்ந்த ஒரு அண்ணனும், பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்காவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே கோத்தோங் ரோயோங் என்று கூட்டு வேலை போட்டார்கள். என்னிடம் என்ன பேசுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. மண்வெட்டி பிடிக்கத் தெரிந்திருந்தது.

மத்தியானம் ஒரு பையன் வீட்டு வாசலில் வந்து நின்றான். "அக்கா, பெஞ்ச எங்க போடட்டும்? நீங்க வந்து காட்டுங்க" என்றான். அவனுக்கு அது சாதாரணக் கேள்வி. எந்தத் தேதி, எந்த மருந்து, எந்தக் கையில் ஊசி, என்ன சாப்பிடலாம் என்று எல்லாவற்றையும் மற்றவர்களே முடிவு செய்துகொண்டிருந்த நேரத்தில், என் பதிலுக்காக ஒருவன் காத்து நின்றான். எழுந்து போனேன்.

நோயாளிக்கான தோட்டத்துக்கு அழகைவிடக் கவனம்தான் முதலில் வேண்டும். கீமோவுக்குப் பிறகு ஏறக்குறைய ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை வெள்ளை இரத்த அணுக்கள் மிகவும் இறங்கிவிடும். அப்போது மண்ணில் கை வைக்கக் கூடாது. கெடாவின் ஈர மண்ணில் மெலியோய்டோசிஸ் என்ற கொடிய காய்ச்சலைத் தரும் கிருமி உண்டு. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். அதனால் அவர்கள் தோண்டினார்கள், நான் இடம் காட்டினேன். அக்குளில் நிணநீர்க் கணுக்களை எடுத்த என் கைப்பக்கம் ஒரு முள் கீறல்கூடப் படக் கூடாது என்பதால் ரோஜா வேண்டாம் என்றேன். சில மருந்துகள் ஏறியிருக்கும்போது வெயில் பட்டால் தோல் வெந்துவிடும், ஆகவே பெஞ்சுக்கு மேல் கூரை போட்டார்கள். ஏடிஸ் கொசுவுக்குப் பயந்து அல்லித் தொட்டியை விட்டுவிட்டோம். கழிவறை பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதைப் பையன்களிடம் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. அந்த அண்ணன் தாமாகவே புரிந்துகொண்டு என் வீட்டுப் பின்கதவுவரை நடைபாதை போட்டார். மல்லிகையும் வைக்கவில்லை. வாழ்நாளெல்லாம் தலையில் சூடிய பூவின் வாசம் அந்த நாட்களில் குமட்டியது. வாசமில்லாத செம்பருத்தியும் இட்லிப்பூவும் குரோட்டன்ஸும் வைத்தோம்.

நித்தியகல்யாணி வேண்டும் என்று மட்டும் பிடிவாதம் பிடித்தேன். லயத்து வாசல்களில் கேட்பாரற்றுப் பூத்துக் கிடந்த செடி. சர்க்கரைக்கு மருந்தாகுமா என்று கனடாவில் அதை ஆராய்ந்தவர்கள், அது வெள்ளை அணுக்களைக் குறைப்பதைக் கண்டார்கள். 1950களில் அப்படிக் கிடைத்ததுதான் வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து. வின்கிரிஸ்டினும் அதே செடியிலிருந்து வந்தது. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் அதைக் கொடுக்கிறார்கள். நான் இந்தச் செடியைக் கேட்டதும் ஒருவர் இலையை அவித்துக் குடிக்கச் சொன்னார். இன்னொருவர் புற்றுக்கு நல்லது என்று சாபா ஸ்நேக் கிராஸ் என்ற மூலிகையைக் கொண்டுவந்தார். இரண்டையும் மறுத்துவிட்டேன். நித்தியகல்யாணி இலை விஷம். ஆலையில் பிரித்து அளந்து ஏற்றினால்தான் அது மருந்து. செடியை நம்பிச் சிகிச்சையை விட்டவர்களை நான் அறிவேன். இதைச் சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை.

தோட்டம் புற்றைக் கரைக்காது. ஆனால் ஒன்றும் செய்யாது என்றும் சொல்ல முடியாது. 1984இல் ரோஜர் உல்ரிச் என்ற அமெரிக்க ஆய்வாளர், பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 பேரின் பதிவேடுகளை ஒப்பிட்டு எழுதினார். ஜன்னலில் மரம் தெரிந்தவர்கள், செங்கல் சுவர் தெரிந்தவர்களைவிடச் சற்று முன்னதாக வீடு திரும்பினார்கள். அவர்களுக்குக் கடுமையான வலி மருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது. சிங்கப்பூர் ஈசூனில் உள்ள கூ டெக் புவாட் மருத்துவமனையின் மொட்டைமாடியில் ஊர்த் தொண்டர்கள் காய்கறி வளர்க்கிறார்கள் என்பதைப் படித்தபோது, அங்கே படுத்திருப்பவர்களுக்கு எது கிடைக்கும் என்று எனக்குப் புரிந்தது. பக்கத்தில் யாரோ வேலை செய்துகொண்டிருக்கும் சத்தம்.

அதுதான் என்னைத் தேற்றியது. நான் பெஞ்சில் இருப்பேன். அவர்கள் கோழி எரு நல்லதா மாட்டெரு நல்லதா என்று சண்டை போடுவார்கள். யாராவது தம் மகனுடைய எஸ்பிஎம் தேர்வுப் பாடத்தைப் பற்றிப் புலம்புவார். யாரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. ஒரு நாள் எனக்கு அழுகை வந்தது, நிற்கவில்லை. மலாய்க்கார அக்கா களை பறித்துக்கொண்டே என் பக்கம் நகர்ந்து வந்தாள். ஒன்றும் கேட்கவில்லை, களை பறிப்பதையும் நிறுத்தவில்லை. அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

இப்போது பக்கத்துத் தாமானில் தொண்டைப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு முடித்த ஒருவர் இருக்கிறார். பேச முடியாது, எழுதிக் காட்டுகிறார். மிளகாய்ச் செடி வேண்டும் என்று எழுதியிருக்கிறார், வீட்டுக்காரிக்காக. வரும் ஞாயிறு அங்கே வேலை. வருகிறவர்கள் மண்வெட்டியோ பாராங் கத்தியோ கொண்டு வாருங்கள். ஆரஞ்சு வேண்டாம், அவரால் இன்னும் விழுங்க முடியவில்லை.