காகத்துக்கு ஒரு துப்பாக்கி

பர்மிங்ஹாமில் முதுகலை படித்த ஆண்டில் நான் வாடகைக்கு இருந்த வீட்டின் முன்னறைச் சுவரில் ஆறு துப்பாக்கிகள் தொங்கின. முதல் நாள், பெட்டியும் கையுமாக வாசலிலேயே நின்றுவிட்டேன். துப்பாக்கி என்றால் தூக்குக் கயிறு என்று கேட்டு வளர்ந்த மலேசியன் நான். வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர், என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். "இதற்கெல்லாம் கடையில் தோட்டா கிடைக்காது. உரிமம்கூட வேண்டாம்" என்றார்.

ஏழாவது ஒன்றும் இருந்தது. அது மாடியில், சுவரோடு முடுக்கிய இரும்பு அலமாரிக்குள், இரண்டு பூட்டுகளுக்குப் பின்னால். அதுதான் விலைமதிப்புள்ளது என்று நினைத்தேன். இல்லை. ஏழில் சல்லிக்காசு பெறாதது அது ஒன்றுதான்.

அவர் சேர்த்தவை 'ரூக் ரைபிள்' என்ற வகை. ரூக் என்பது அந்த ஊர்க் காகம். மே மாத நடுவில் அதன் குஞ்சுகள் கூட்டை விட்டு வெளியே வந்து, பறக்கத் தெரியாமல் கிளையில் உட்கார்ந்திருக்கும். விக்டோரியா காலத்துக் கனவான்கள் மரத்தடியில் நின்று அவற்றைச் சுடுவார்கள். பிறகு அந்த இறைச்சியை மாவில் பொதிந்து 'பை' சுட்டுச் சாப்பிடுவார்கள். இதை அவர் சொன்னபோது என் முகம் போன போக்கைப் பார்த்து, "உங்கள் ஊரில் காகத்தை என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார். சோறு வைப்போம், அது சாப்பிட்ட பிறகுதான் நாங்கள் சாப்பிடுவோம் என்றேன். அன்று முழுக்க அதைச் சொல்லிச் சொல்லி வியந்துகொண்டிருந்தார்.

நம் ஊர்க் காகத்தின் கதையையும் சொன்னேன். 1890களில், காப்பித் தோட்டத்துப் புழுக்களைத் தின்பதற்காக இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவரப்பட்டவை அவை. தோட்ட வேலைக்குக் கப்பலேறி வந்தவர்கள் நாம் மட்டுமில்லை. காப்பி போயிற்று, ரப்பர் வந்தது, காகம் தங்கிவிட்டது. இப்போது நகராண்மைக் கழகங்களே ஆள் வைத்து அவற்றைச் சுடுகின்றன.

கிளையில் அசையாமல் இருக்கும் சின்னப் பறவைக்குப் பெரிய துப்பாக்கி எதற்கு? அதனால் இவை ஒல்லியானவை, எடை குறைந்தவை. ஒரு தடவைக்கு ஒரே தோட்டா. கொஞ்சம் கருமருந்து, சிறிய ஈயக் குண்டு. ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனத்தின் .295 அங்குல ரைபிளை முதன்முதலில் என் கையில் கொடுத்தபோது, இதை ஒரு நகை ஆசாரி செய்திருப்பாரோ என்று தோன்றியது. எண்கோண வடிவக் குழல், பூட்டின் மேல் மெல்லிய கொடிச் செதுக்கு, வாதுமை மரக் கட்டை. கொல்வதற்குச் செய்த பொருள் இவ்வளவு அழகாக இருக்கலாமா என்று உள்ளுக்குள் உறுத்தத்தான் செய்தது. கீழே வைக்கவும் மனம் வரவில்லை.

1887இல் அமெரிக்காவில் ஸ்டீவன்ஸ் நிறுவனம் .22 லாங் ரைபிள் தோட்டாவைக் கொண்டுவந்தது. மலிவு. ரூக் ரைபிளின் காலம் மெல்ல முடிந்தது. மிச்சமிருந்தவற்றை மாற்றியது 1920ஆம் ஆண்டுச் சட்டம். குழலின் உட்புறத்தில் திருகு வரி இருந்தால் அது ரைபிள். காவல்துறைச் சான்றிதழ் வேண்டும். வரி இல்லாமல் வழவழப்பாக இருந்தால் அது ரவை சிதறும் ஷாட்கன், அதற்கு வேண்டாம். மக்கள் என்ன செய்தார்கள்? குழலைக் கடைந்து வரிகளை அழித்து, .410 ஷாட்கன்னாக மாற்றிக்கொண்டார்கள்.

ஆகவே இன்று வரி அழியாத ரூக் ரைபிள்தான் அரிது. வீட்டுக்காரர் எந்தத் துப்பாக்கியை எடுத்தாலும் முதலில் குழலுக்குள் டார்ச் அடித்துப் பார்ப்பார். உள்ளே வேறொரு குழலைச் செருகி .22 ஆக்கியிருக்கிறார்களா என்று விளிம்பைத் தடவுவார். பிறகு உருப்பெருக்கியால் முத்திரைகளைப் படிப்பார். பர்மிங்ஹாமில் 1813இல் தொடங்கிய சோதனைச் சாலை ஒன்று உண்டு. ஒவ்வொரு குழலையும் அதிக மருந்து வைத்து வெடித்துப் பார்த்து முத்திரை குத்துவார்கள். கடைந்தவற்றுக்கு இரண்டாம் முத்திரை இருக்கும்.

அலமாரிக்குள் இருந்தது அப்படி இரண்டாம் முத்திரை வாங்கியது. 1930களில் அவருடைய அப்பாவே கடையக் கொடுத்தது. முயல் சுட்டு வீட்டுக்குக் கறி கொண்டுவந்த துப்பாக்கி. சான்றிதழ் தொல்லை வேண்டாம் என்றுதான் அப்பா வரியை அழித்தார். பிற்பாடு ஷாட்கன்னுக்கும் சான்றிதழ் வந்தது. .410 தோட்டா இன்றும் கடையில் கிடைக்கிறது. ஆகையால், கடையாத ஆறும் பழம்பொருள் என்று சுவரில் சுதந்திரமாகத் தொங்க, அப்பாவுடையது மட்டும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை சான்றிதழைப் புதுப்பித்துக்கொண்டு பூட்டுக்குள் கிடந்தது.

என் தாத்தாவின் கெண்டைக்காலில் ஒரு ஈய ரவை இருந்தது. பேராவில் ரப்பர் தோட்டத்தில், துரை சுடும் புறாக்களைப் பொறுக்கி வருகிற பையனாக இருந்தபோது பட்டது. சிறு வயதில் அதை விரலால் உருட்டி விளையாடியிருக்கிறேன். தாத்தா அதைக் குறையாகச் சொன்னதே இல்லை. நான்தான் அந்த முன்னறையில் சில நாள் அதை நினைத்துக்கொள்வேன். வீட்டுக்காரரிடம் சொன்னபோது, வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு எழுந்து போய்த் தேநீர் போட்டுக்கொண்டு வந்தார்.

நாடு திரும்பி, வானொலியில் சேர்ந்த பிறகும் தொடர்பு விடவில்லை. 2021இல் ஏழு வகைத் தோட்டாக்களைப் பழம்பொருள் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். அதில் .320 இருந்ததால் ஒன்றை விற்றுவிட்டார். சுவரில் ஐந்து.

சென்ற ஆண்டு அவருடைய மகள் அழைத்தார். அப்பாவுக்கு மறதி நோய் தொடங்கியிருக்கிறது. அடுப்பில் வைத்ததை மறக்கிறார். முத்திரைகள் எதையும் மறக்கவில்லை. சான்றிதழுக்கு இப்போது மருத்துவர் குறிப்பு வேண்டும், அது கிடைக்காது. தாத்தாவின் துப்பாக்கியைக் காவல்துறையிடம் ஒப்படைத்துவிடலாம் என்பது மகளின் எண்ணம். ஒப்படைத்தால் பெரும்பாலும் அழித்துவிடுவார்கள். அல்லது பற்றவைத்து முடக்கிச் சுவரில் மாட்டலாம். அப்பா எதற்கும் சம்மதிக்கவில்லை, நீ பேசிப் பார் என்றார்.

வீடியோவில் அரைமணி நேரம் பேசினோம். முடக்கினால் இனி அது திறக்காது, மூடாது, வெறும் கட்டை என்றார். அப்பா அதை மூடுகிற சத்தம் கேட்டால் முயல் கறி என்று எங்களுக்குத் தெரியும் என்றார். என் தொழிலில் எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். "அந்தச் சத்தத்தைப் பதிவு செய்து எனக்கு அனுப்புங்கள்" என்றேன். எந்த அறையில், எவ்வளவு தூரத்தில் கைப்பேசியை வைக்க வேண்டும் என்று மகளிடம் சொன்னேன். ஆறு தடவை எடுத்தார்கள். நான்காவது நன்றாக வந்தது.

அதன் பிறகு கொடுத்துவிட்டார். முடக்கியதைப் பரிசோதித்து முத்திரை குத்தியதும் அதே சோதனைச் சாலைதான். மூன்றாவது முத்திரை.

ஓர் அமாவாசைக் காலையில் அந்தப் பதிவைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பாட்டி, "என்னப்பா அது, தாப்பா போடுற மாதிரி?" என்றார். சொன்னேன்.

"உங்க தாத்தா கால்ல பட்டுச்சே, அதுவா?"

"இல்ல பாட்டி. இது முயல் சுட்டது. அதுக்கு முன்னாடி காக்கா."

பாட்டி கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார்.

"வெளிய சோறு வச்சிட்டியா இன்னைக்கு?"